பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம்: ஏற்கெனவே கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

இந்தியாவிலோ இலங்கையிலோ பல ஆண்டுகள் கார் ஓட்டியவர்கள் பிரிட்டனுக்குக் குடிவந்தால் ஓட்டுநர் உரிமத் தேர்வைப் பெரிதாக நினைப்பதில்லை. அங்கும் இடதுபக்கம்தான், ஸ்டீயரிங்கும் வலதுபக்கம்தான். பிறகு என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊரில் 11 ஆண்டுகள் கார் ஓட்டியவன், இங்கே முதல் செய்முறைத் தேர்வில் தோற்றேன். அதன்பிறகு நண்பர்கள் பலரை இந்தத் தேர்வுக்குத் தயார்செய்ய உதவியிருக்கிறேன். எல்லோரிடமும் ஒன்றையே பார்த்தேன்: கார் ஓட்டத் தெரியாமல் யாரும் தோற்கவில்லை. கைக்கும் காலுக்கும் பழகிப்போன சில வழக்கங்கள்தான் தோற்கடித்தன. ஆகவே விண்ணப்பம், கட்டணம், முன்பதிவு ஆகியவற்றோடு அந்த வழக்கங்களையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கான நடைமுறைகள். வட அயர்லாந்தில் உரிமம் வழங்கும் அமைப்பு வேறு. கட்டணங்கள் இதை எழுதும்போது உள்ளவை. பணம் கட்டும் முன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

முதலில்: உங்கள் உரிமத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

சில நாடுகளின் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, எந்தத் தேர்வும் எழுதாமல் பிரிட்டன் உரிமம் வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, சுவிட்சர்லாந்து போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. 2021இல் ஐக்கிய அரபு அமீரகம், தைவான், உக்ரைன் ஆகியவையும் சேர்ந்தன. இந்தியாவும் இலங்கையும் பட்டியலில் இல்லை.

நம்மவர்கள் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். துபாயிலோ அபுதாபியிலோ வேலை பார்த்து, அங்கேயே தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் அதைக் கொண்டே இங்கு மாற்றிக்கொள்ளலாம். கையில் அமீரக உரிமத்தை வைத்துக்கொண்டு, இந்திய உரிமத்தை நம்பி எல்லாத் தேர்வுகளையும் எழுதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அமீரக உரிமம் பலிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மாற்றுவதற்குக் கட்டணம் 43 பவுண்டு. குடிவந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நீங்கள் உண்மையில் எந்த நாட்டில் தேர்வு எழுதினீர்கள் என்பது முக்கியம். இந்திய உரிமத்தைக் காட்டிச் செய்முறைத் தேர்வே இல்லாமல் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொண்டிருந்தால், அந்தச் சிங்கப்பூர் உரிமம் இங்கே மாற்றத்துக்கு உதவாது.

பட்டியலில் இல்லாத நாட்டின் உரிமம் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

பன்னிரண்டு மாதக் கணக்கு

இந்திய அல்லது இலங்கை உரிமத்தை வைத்து, பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் கார் ஓட்டலாம். மாணவர்களுக்கும் இதே கணக்குதான். அந்த உரிமம் அவ்வளவு காலமும் செல்லுபடியாக இருக்க வேண்டும். கார் வாங்கிய நாளிலிருந்தோ முதன்முதலில் ஓட்டிய நாளிலிருந்தோ இந்தக் கணக்கு தொடங்காது. குடிவந்த நாளிலிருந்துதான். நடுவில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிக் காரில் ஏறாதீர்கள். ஊரில் வாங்கி வரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இந்த 12 மாதத்தை நீட்டித்துத் தராது.

காலம் முடிந்த மறுநாள் முதல் நீங்கள் பழகுநர்தான். உங்கள் உரிமத்தை நம்பி எடுத்த காப்பீடும் அப்போது உதவாது. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகள், காரையும் பறிமுதல் செய்யலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் பத்து நிமிட ஓட்டத்திலும் இது நடக்கலாம்.

12 மாதம் என்றால் நீண்ட காலம்போலத் தெரியும். ஆனால் செய்முறைத் தேர்வுக்கு இடம் கிடைக்கப் பல மையங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதனால் வீடு அமைந்த முதல் மாதமே வேலையைத் தொடங்குங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழகுநர் உரிமம்

எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் தேர்வு எழுத முதலில் பழகுநர் உரிமம், அதாவது இங்கே எல்லோரும் 'புரொவிஷனல்' என்று சொல்லும் அட்டை வேண்டும். டிவிஎல்ஏ என்ற அரசு அமைப்பு இதை வழங்குகிறது. இணையத்தில் விண்ணப்பித்தால் 34 பவுண்டு, தபாலில் 43 பவுண்டு. குறைந்தது 185 நாட்கள் பிரிட்டனில் தங்க அனுமதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். அடையாள ஆவணமும், கடந்த 3 ஆண்டுகளில் வசித்த முகவரிகளும் கேட்பார்கள். ஊர் முகவரியையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும். கதவு எண், அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் காப்பீட்டு எண் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) இருந்தால் கொடுக்கலாம்.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். தந்தை பெயரை முன்னெழுத்தாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தில், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் சிலருக்குக் காலியாகவே இருக்கும். உரிமம், பாஸ்போர்ட், காப்பீடு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கும்படி முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.

பழகுநர் அட்டை கைக்கு வந்துவிட்டால் ஊர் உரிமத்தில் ஓட்டும் உரிமை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. போகாது. 12 மாதத்துக்குள் இருக்கும்வரை நீங்கள் தனியாகவே ஓட்டலாம். அந்தக் காலம் முடிந்தபின்தான் பழகுநருக்கான விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும்: காரின் முன்னும் பின்னும் எல் போர்டு, பக்கத்தில் 21 வயது நிரம்பி, 3 ஆண்டாவது முழு உரிமம் வைத்திருக்கும் ஒருவர், பழகுநருக்கான காப்பீடு.

எழுத்துத் தேர்வு

கட்டணம் 23 பவுண்டு. இதைக் கணினியில் எழுத வேண்டும்; ஒரே அமர்வில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் 50 கேள்விகள், 57 நிமிடங்கள், தேறுவதற்கு 43 சரியான விடைகள். இரண்டாவது பகுதியில் 14 காணொளித் துண்டுகள் ஓடும். சாலையில் உருவாகிவரும் ஆபத்தைக் கண்ட உடனே மௌஸை அழுத்த வேண்டும். 75 மதிப்பெண்ணுக்கு 44 எடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே முறையில் தேற வேண்டும். ஒன்றில் தவறினாலும் இரண்டையும் மறுபடி எழுத வேண்டியதுதான்.

முன்பு இந்தத் தேர்வைத் தமிழிலும் ஒலிவடிவில் கேட்டு எழுத முடிந்தது. 2014 ஏப்ரலில் அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும் மட்டுமே. ஆங்கிலம் சரளமாக வராத மனைவியோ பெற்றோரோ எழுதப்போகிறார்கள் என்றால், கேள்விகளின் வாசகத்தைப் பழக்கிக்கொள்ளவே தனியாகச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

படிப்பதற்கு முக்கியமானது ஹைவே கோட் என்ற விதிநூல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அனுபவசாலிகள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். குறிப்பாக 2022 ஜனவரியில் வந்த மாற்றங்களை ஊன்றிப் படியுங்கள். நீங்கள் ஒரு கிளைச்சாலைக்குள் திரும்பும்போது, அதைக் கடப்பதற்காக ஒருவர் ஓரத்தில் காத்து நின்றாலே போதும், அவருக்கு வழிவிட வேண்டும். சைக்கிளைத் தாண்டிச் செல்லும்போது மணிக்கு 30 மைல் வேகம்வரை குறைந்தது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

காணொளிப் பகுதியில் அனுபவசாலிகள் மாட்டிக்கொள்வது வேறு விதம். நாம் ஆபத்தை மிகச் சீக்கிரம் ஊகித்துவிடுவோம். நிறுத்தியிருக்கும் வேனுக்குப் பின்னால் யாரோ இருப்பார் என்று வேனைக் கண்டதும் அழுத்திவிடுவோம். அவர் வெளிவரத் தொடங்கும்போதுதான் மதிப்பெண் கணக்கு ஆரம்பமாகிறது. அதனால் ஊகித்தபோது ஒருமுறை, அது நடக்கத் தொடங்கும்போது இன்னொருமுறை அழுத்துங்கள். சீரான இடைவெளியில் சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் அந்தத் துண்டுக்குச் சுழியம்தான்.

தேறியதற்கான சான்று 2 ஆண்டுகள் செல்லும். அதற்குள் செய்முறையை முடிக்காவிட்டால் எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டும்.

செய்முறைத் தேர்வுக்கு முன்பதிவு

எழுத்துத் தேர்வில் தேறிய அன்று மாலையே முன்பதிவு செய்யுங்கள். வார நாட்களில் 62 பவுண்டு. மாலை, வார இறுதி, பொது விடுமுறைகளில் 75 பவுண்டு. தேர்வை நடத்துவது டிவிஎஸ்ஏ என்ற இன்னொரு அரசு அமைப்பு. அரசின் தளத்தில் மட்டும் பதிவு செய்யுங்கள். அரசுத் தளம்போலவே தோன்றி, கூடுதலாகப் பணம் பிடுங்கும் தளங்கள் தேடுபொறியில் மேலேயே வந்து நிற்கும். முதலில் கிடைக்கும் தேதியைப் பிடித்துவிட்டு, பிறகு அதே தளத்தில் அடிக்கடி போய் யாராவது ரத்துசெய்த முந்தைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அப்படித்தான் ஆறு வாரம் முன்னதாகக் கிடைத்தது. தேதியை மாற்றவோ ரத்துசெய்யவோ வேண்டுமானால் 10 முழு வேலைநாட்களுக்கு முன்பே செய்துவிட வேண்டும். தாமதித்தால் கட்டணம் போய்விடும்.

கியர் காரா, ஆட்டோமேட்டிக்கா என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். ஊரில் கியர் காரை நிம்மதியாக ஓட்டியவர் என்றால் கியர் காரிலேயே எழுதுங்கள். கிளட்ச் உங்களை எப்போதும் சிரமப்படுத்தியிருந்தால் ஆட்டோமேட்டிக்கில் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

பயிற்சி: எத்தனை வகுப்பு?

சட்டப்படி ஒரு வகுப்புகூடக் கட்டாயம் இல்லை. ஆனால் நாலைந்து வகுப்புகளாவது எடுங்கள் என்றுதான் சொல்வேன். கார் கற்றுக்கொள்வதற்காக அல்ல. உங்கள் கண்ணுக்குத் தெரியாத உங்கள் வழக்கங்களை இன்னொருவர் கண்ணால் பார்ப்பதற்காக. முழுத் தகுதி பெற்ற பயிற்றுநரின் கார்க் கண்ணாடியில் பச்சை நிறப் பட்டயம் ஒட்டியிருக்கும். இளஞ்சிவப்பு என்றால் அவர் இன்னும் பயிற்சியில் இருப்பவர்.

என் முதல் வகுப்பில் பயிற்றுநர் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது நிமிடம் கழித்து ஓரமாக நிறுத்தச் சொல்லித் தாளைக் காட்டினார். கோடு கோடாகப் போட்டிருந்தார். உள்கண்ணாடியைப் பார்க்காமல் பிரேக் மிதித்தது 14 தடவை. கிளம்பும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்காதது 5 தடவை. எதிரே வந்தவருக்கு விளக்கை அடித்துக் காட்டியது 3 தடவை. "உங்களுக்குக் கார் நன்றாகவே கைவருகிறது. ஆனால் நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரியவில்லை" என்றார். அந்த வாக்கியம் எனக்கு இந்தத் தேர்வையே விளக்கிவிட்டது. தேர்வாளர் உங்கள் கண்களைக் கவனிக்கிறார். நீங்கள் கண்ணாடியைப் பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

நம்மிடம் ஊறிப்போயிருக்கும், இங்கே மாற்றியே ஆகவேண்டிய வழக்கங்கள் சில:

விளக்கு அடிப்பது. ஊரில் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்று பொருள். இங்கே பெரும்பாலோர் "நீங்கள் போங்கள்" என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரே சைகை, நேர் எதிர்ப் பொருள். விபத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விதிநூலின்படி அது நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே. ஹாரனும் அப்படித்தான். நின்றிருக்கும்போது அடிக்கக் கூடாது; குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை ஓடும்போதும் அடிக்கக் கூடாது.

ஸ்டாப் பலகை. எண்கோணச் சிவப்புப் பலகையைக் கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும். நான் முதல்முறை தோற்றது இங்கேதான். இரண்டு பக்கமும் அரை மைல் தூரத்துக்கு ஒரு வண்டி இல்லை. நடை வேகத்துக்குக் குறைத்து, பார்த்து, இரண்டாம் கியரில் உருட்டிப் போய்விட்டேன். அந்த இரண்டு விநாடிக்குக் கடுமையான தவறு என்று பதிவானது; மீதி அரைமணி நேரமும் ஒழுங்காக ஓட்டியது பயன்படவில்லை.

ரவுண்டானா. வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். முண்டிக்கொண்டு நுழைவது இல்லவே இல்லை. அதேபோல, போக இடமிருந்தும் தயங்கி நின்றுகொண்டே இருப்பதும் தவறாகப் பதிவாகும். நீங்கள் வெளியேற வேண்டிய வழிக்கு முந்தைய வழியைக் கடந்ததும், உள்கண்ணாடி, இடக்கண்ணாடி பார்த்து, இடது இண்டிகேட்டர் போடுங்கள். இந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பத்து ரவுண்டானா சுற்றினால் படிந்துவிடும்.

வேகம். பலகையில் இருப்பது மைல். வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் குடியிருப்புச் சாலைகளில் பொதுவாக 20 மைல்தான். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருட்டுவது, கிளட்சை மிதித்தபடியே திரும்புவது இரண்டையும் விட்டொழியுங்கள்.

கையைக் குறுக்கே போட்டு ஸ்டீயரிங் திருப்பினால் தோற்றுவிடுவோம் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. கார் கட்டுப்பாட்டில் இருக்கும்வரை அதற்காகக் குறிக்கமாட்டார்கள். அதற்காக வருந்தும் நேரத்தைக் கண்ணாடி பார்ப்பதற்குக் கொடுங்கள்.

தேர்வு நாள்

பழகுநர் அட்டையைக் கட்டாயம் எடுத்துப்போங்கள். அது இல்லாவிட்டால் தேர்வு நடக்காது, கட்டணமும் திரும்பாது. சொந்தக் காரில் எழுதலாம். ஆனால் தேர்வுக்கும் செல்லுபடியாகும் காப்பீடு, எல் போர்டு, தேர்வாளர் பின்னால் பார்ப்பதற்காக ஒட்டும் கூடுதல் உள்கண்ணாடி எல்லாம் வேண்டும். டயர் அழுத்தம் போன்ற எச்சரிக்கை விளக்கு ஒன்று எரிந்தாலும் தேர்வை ரத்துசெய்துவிடுவார்கள். முதல்முறை எழுதுபவர்கள் பயிற்றுநரின் காரிலேயே எழுதுவது நிம்மதி.

முதலில் கண்பார்வை. 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் எண் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கண்ணாடி போட்டுப் படித்தால் ஓட்டும்போதும் போட்டிருக்க வேண்டும். இதில் தவறினால் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு காரைப் பற்றி இரண்டு கேள்விகள். பிரேக் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என்பதுபோல் ஒன்று புறப்படும் முன். பின்கண்ணாடியின் பனியை நீக்கிக் காட்டுங்கள் என்பதுபோல் ஒன்று ஓட்டிக்கொண்டிருக்கும்போது. தவறினாலும் ஒரு சிறு தவறாகத்தான் குறிப்பார்கள்.

ஓட்டம் சுமார் 40 நிமிடம். அதில் கணிசமான நேரம் வழிகாட்டிக் கருவியையோ சாலைப் பலகைகளையோ பார்த்து நீங்களாகவே போக வேண்டும். வழி தவறினால் பரவாயில்லை. தவறான வழியில் ஒழுங்காகப் போனால் அதைத் தவறாகக் குறிக்கமாட்டார்கள்; கடைசி நொடியில் தடம் மாறப் பாய்ந்தால்தான் தோல்வி. எங்காவது ஓரிடத்தில் பின்னோக்கி எடுக்கச் சொல்வார்கள்: சாலையோரத்தில் காருக்குப் பின்னால் நிறுத்துவது, நிறுத்துமிடக் கட்டத்துக்குள் நுழைப்பது, அல்லது வலப்பக்கம் ஓரமாக நிறுத்தி இரண்டு கார் நீளம் பின்னால் வருவது. பின்னே வரும்போது கேமராவைப் பார்க்கலாம். அதை மட்டுமே நம்பக் கூடாது. தலையைத் திருப்பிச் சுற்றிலும் பாருங்கள், யாராவது நடந்து வந்தால் நிறுத்துங்கள். கோணலாக நின்றால் சரிசெய்துகொள்ளவும் அனுமதி உண்டு.

15 சிறு தவறுகள்வரை தேறலாம். கடுமையான அல்லது ஆபத்தான தவறு ஒன்றே ஒன்று போதும், தோற்றுவிடுவீர்கள். எழுதுபவர்களில் சுமார் பாதிப் பேர் தோற்கிறார்கள், ஆகவே அது ஒரு அவமானமே அல்ல. தவறு செய்துவிட்டோம் என்று தோன்றினாலும் ஓட்டத்தைத் தொடருங்கள்; பெரும்பாலும் அது சிறு தவறாகத்தான் குறிக்கப்பட்டிருக்கும், அதையே நினைத்துக்கொண்டு அடுத்த சந்திப்பில் பெரிய தவறைச் செய்துவிடுவோம். தோற்றால் 10 வேலைநாள் இடைவெளிக்குப் பிறகு வரும் தேதிக்கு மறுபடி பதிவு செய்யலாம். 12 மாதம் முடியாதிருந்தால் அதுவரை ஊர் உரிமத்தில் ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

தேறிய பிறகு

தேறியதும் சான்றிதழ் தருவார்கள். அந்த நிமிடம் முதல் தனியாக ஓட்டலாம். பழகுநர் அட்டையைத் தேர்வாளரே வாங்கிக்கொண்டு முழு உரிமத்துக்கு அனுப்பிவைப்பார். உங்கள் இந்திய அல்லது இலங்கை உரிமத்தை யாரும் கேட்கமாட்டார்கள். அது உங்களிடமே இருக்கும். ஊருக்குப் போகும்போது பயன்படும், காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்லுங்கள். உங்கள் உரிமத்தின் வகை மாறியிருக்கிறது, தவணையும் மாறக்கூடும்.

ஒரு விதியை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஊரில் 20 ஆண்டு ஓட்டியிருந்தாலும் இங்கே தேறிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்கு நீங்கள் புது ஓட்டுநர். அந்த இரண்டு ஆண்டில் 6 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்து. பழகுநர் உரிமத்துக்கு மறுபடி விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஓட்டும்போது கைபேசியைக் கையில் எடுத்தால் 200 பவுண்டு அபராதத்தோடு 6 புள்ளிகள். சிக்னலில் நிற்கும்போது எடுத்தாலும் அதே தண்டனைதான். ஊரிலிருந்து அம்மா அழைத்தாலும் அது ஒலித்துக்கொண்டே இருக்கட்டும். வண்டியைப் பத்திரமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

வீடு மாறினால் டிவிஎல்ஏவுக்கு முகவரியைத் தெரிவியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தெரிவிக்காமல் விட்டால் 1,000 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம். வாடகை வீடுகளில் ஆண்டுக்கொருமுறை மாறும் நம்மவர்களுக்கு, பழைய முகவரிக்குப் போன அபராதக் கடிதம் கைக்கு வருவதற்குள் அதற்கான கெடு முடிந்துபோயிருக்கும்.